மண்டலத்தில் முதலிடம்

அவருக்கு ஆட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஐந்து பேரில் அவர்தான் கேப்டன். நாங்கள் அவரைக் கூப்பிடுவதும் கேப்டன் என்றுதான். அந்தப் பெயரைக் கேட்டவர்கள் பெரிய சூரர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சுடப்பட்டு விழும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். விழுந்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பி, "விடாதீங்கடா, அந்தப் பொட்டிக்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கான்" என்று உத்தரவு போடுவார். பெட்டிக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலம் அது. மெயில் பார்க்கவும் தேர்வு முடிவு பார்க்கவும் வைத்திருந்த கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு ஒன்றோடொன்று இணைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி நடத்தினார்கள். ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம். திரைக்குள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் தேடிச் சுட வேண்டும். நாங்கள் நான்கு பேரும் கல்லூரி மாணவர்கள். கேப்டனுக்கு முப்பது தாண்டி, முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. வேலை என்று ஒன்றும் நிலைக்கவில்லை, கல்யாணப் பேச்சும் நின்றுபோயிருந்தது. அவரோடு ரோட்டில் போகும்போது எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது எதிரே வந்தால், நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.

ஜெயித்தோமா தோற்றோமா என்று அவர் பேசியதே இல்லை. "எம்புட்டுடா ஆச்சு?" என்றுதான் கேட்பார். புள்ளியைத்தான் கேட்கிறார். அது தவிர அந்த மனிதருக்கு வேறு நினைப்பு கிடையாது.

புள்ளி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல், வடமதுரை, சாணார்பட்டி, அகரம் என்று சுற்றுவட்டார சென்டர்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மண்டலம் என்று வைத்துக்கொண்டார்கள். எந்த ஊரில் போட்டி நடந்தாலும் ஜெயித்த அணிக்கு நூறு புள்ளி. இறுதி ஆட்டத்தில் தோற்றால் அறுபது, அரையிறுதியோடு வெளியேறினால் முப்பது. ஒரு வருடத்தில் ஆடியவற்றில் சிறந்த ஐந்தை மட்டும் கூட்டுவார்கள். எத்தனை முறை தோற்றாலும் வாங்கிய புள்ளி குறையாது. வருடம் திரும்பினால் அதுவாகக் காலாவதி ஆகிவிடும். கோடை விடுமுறை முடியும்போது யார் முதலிடத்தில் இருக்கிறார்களோ, அந்த ஓர் அணிக்கு மட்டும் மதுரையில் நடக்கும் பெரிய போட்டியில் ஆட இடம். கணக்கை எழுதி வைத்தது எங்கள் சென்டரை நடத்திய பாய். அவர் குடும்பம் தோல் வியாபாரம். அவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டவர். சென்டர் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, அணிகளின் பெயரையும் புள்ளியையும் வரிசையாக எழுதிவைப்பார்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்க பாய் முயன்றார். பதினாறு அணி வருகிற திண்டுக்கல் போட்டிக்கு நூறு என்றால், மூன்று அணி வருகிற ஊருக்கு நாற்பது போதாதா என்று சென்டர்காரர்களின் கூட்டத்தில் கேட்டார். வடமதுரைக்காரர் எழுந்துவிட்டார். "திண்டுக்கல்லுன்னா நூறு, எங்க ஊருன்னா நாப்பதா? நாங்க என்ன எளப்பமா? எங்க கம்ப்யூட்டர்ல மட்டும் குண்டு மெதுவாப் போகுதா?" என்றார். சாணார்பட்டிக்காரரும் அவரோடு சேர்ந்துகொண்டார். கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. எல்லா ஊருக்கும் நூறு, இரண்டு அணி வந்தாலே போட்டி செல்லும், போட்டி தொடங்கிய பிறகு ஓர் ஆட்டத்துக்கு எதிரணி வராவிட்டாலும் வந்தவர்களுக்கு முழுப் புள்ளி என்று டீயோடு தீர்மானமானது. அன்று பாய்க்குத் துணையாக டீ வாங்கப் போன கேப்டன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நாங்கள் திண்டுக்கல்லில் ஆடுவதையே விட்டுவிட்டோம். எந்தக் கல்லூரிக்கு எப்போது செமஸ்டர், எந்த ஊரில் எப்போது திருவிழா, எந்த அணியில் யாருக்கு அக்கா கல்யாணம் என்பதெல்லாம் கேப்டனுக்கு அத்துப்படி. மற்றவர்களால் வர முடியாத நாளில், மற்றவர்கள் போகாத ஊரில் போய் இறங்குவோம். "ஏலே, திறமையெல்லாம் அப்புறம். தேதிதான்டா முக்கியம்" என்பார்.

ஒருமுறை சாணார்பட்டியில் எங்களைத் தவிர ஒரே ஒரு அணிகூட வரவில்லை. இரண்டு அணியாவது இருந்தால்தான் போட்டி செல்லும் என்பதால் கேப்டன் பதறிப்போய் சென்டர்காரரைக் கெஞ்சினார். அவர் தானே ஓர் அணியைக் கூட்டினார். அவர், அவருடைய மச்சான், ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு கிராம உதவியாளர், பக்கத்து உரக்கடைக்காரர்கள் இரண்டு பேர். உரக்கடைக்காரர்களில் ஒருவருக்கு எந்தப் பட்டனை அழுத்தினால் சுடும் என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். காட்டிக்கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்து அவரைச் சுட்டேன். "அட, நான் செத்துட்டேனா?" என்று அவர் வெள்ளந்தியாகச் சிரித்தார். ஆட்டம் முடிந்ததும் சென்டர்காரர் வீட்டில் சாப்பாடு. "இம்புட்டு தூரம் வந்திருக்கீக, நல்லாச் சாப்பிடுங்க" என்று அவர் மனைவி வெஞ்சனத்தை இன்னொரு கரண்டி வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கேப்டன் மட்டும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். நூறு புள்ளி வந்த நாளில் அவருக்கு நன்றாகப் பசிக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் கேட்டேவிட்டேன். "எதுக்கு கேப்டன் இதெல்லாம்? அசிங்கமா இல்லையா?"

அவர் கோபப்படவில்லை. "உனக்கு எங்கப்பாவத் தெரியும்ல?" என்றார்.

தெரியாமல் என்ன, நானும் அவரிடம் படித்தவன்தானே. பெரிய ஹெட்மாஸ்டர். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் பகுதியில் சார் என்றால் அவர் ஒருவர்தான். அரை மார்க் கேட்டு அழுதுகொண்டு போனால், "அது உன்னுதா இருந்தா தாள்லயே இருந்திருக்கும்" என்று அனுப்பிவிடுவார். தேர்வு முடிந்ததும் வகுப்புக்கு வந்து முதல் ரேங்கிலிருந்து பெயர்களை வாசிப்பார். கேப்டனும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடைய அண்ணனும் தங்கையும் அவரவர் வகுப்பில் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் வந்துவிடுவார்கள். இவர் பெயர் வரும்போது வகுப்பே பையை மூடிக்கொண்டிருக்கும்.

"எம் பேர வாசிக்கிறப்ப எங்கப்பா குரலு அப்படியே எறங்கிப்போயிரும்டா" என்றார் கேப்டன். "அவுக திட்டுனதே இல்ல. திட்டியிருந்தாக்கூடத் தேவல. ஒரே ஒரு தடவ, எதுலயாவது, அந்த மனுசன் முன்னாடி நான் முதல்ல நின்னுரணும். அம்புட்டுதான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவருக்காக இரக்கப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், முன் சீட்டில் இருந்தவர் காதில் இது விழுந்திருக்குமோ என்றுதான் எனக்குக் கவலை.

மண்டலத்திலேயே நன்றாக ஆடிய அணி எங்கள் பகுதி மாதாகோயில் பாடகர் குழுப் பையன்கள். ஐந்து பேரும் கோயிலில் பாடுகிறவர்கள். ஒருவர் சொல்லாமலே மற்றவருக்குப் புரியும். நேருக்கு நேர் ஆடினால் எங்களைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அந்த வருடம் வடமதுரைப் போட்டியில் எப்படியோ அவர்களும் நாங்களும் இறுதிக்கு வந்துவிட்டோம். அதுவரை இரண்டு அணிக்கும் புள்ளி சமம். அந்தக் கோடைக்கு மிஞ்சியிருந்த ஒரே போட்டி அது, ஜெயிக்கிறவர்கள் மதுரைக்குப் போவார்கள். அரையிறுதி முடிந்ததும் கரன்ட் போனது, திரும்ப வரவே இல்லை. இறுதி ஆட்டத்தை அடுத்த விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று வடமதுரைக்காரர் காலண்டரைப் பார்த்து ஒரு தேதியைச் சொன்னார். அது பெரிய வெள்ளிக்கிழமை.

பாடகர் குழுவின் கேப்டன் ஒல்லியான பையன். "அண்ணே, அன்னைக்குப் பூராம் எங்களுக்குக் கோயில்ல பாட்டு இருக்கு. ஒருநா தள்ளிச் சனிக்கெழம வச்சுக்கிருவோமா?" என்றான்.

"ரெண்டு கேப்டனும் சரின்னா எனக்கென்னப்பா?" என்று வடமதுரைக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார்.

கேப்டன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு வெள்ளிக்கெழமதான் தோது" என்றார்.

அந்தப் பையனுக்கு முதலில் புரியவில்லை. "அண்ணே, நீங்களும் அன்னைக்குக் கோயிலுக்குத்தானே வருவீக?" என்றான்.

"ரூல்ஸ்ல என்ன இருக்கோ அதுபடி நடக்கட்டும் தம்பி."

பெரிய வெள்ளியன்று மத்தியானம் வடமதுரையில் காலி நாற்காலிகளுக்கு எதிரே ஐந்து பேரும் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்தான். அந்தக் கால் மணியும் கேப்டன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நேரம் முடிந்ததும் வடமதுரைக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே நூறு என்று எழுதினார். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகவேண்டியவரை, அப்பாவிடம் நேராக அங்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்த கேப்டனை, நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள் என்று எங்களுக்குள் ஒரு சமாதானம்.

திரும்பி வரும்போது எங்கள் தெரு முனையில் ஆட்டோ நின்றுவிட்டது. எதிரே சிலுவைப் பாதை ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் பாடகர் குழுப் பையன்கள் ஐந்து பேரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நடுவில், செருப்பில்லாமல் ஹெட்மாஸ்டர். கேப்டன் ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றார். தோளில் தொங்கிய பையிலிருந்து மவுஸின் ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சார் மகனைப் பார்த்தார், பையைப் பார்த்தார், நடையை நிறுத்தாமல் போய்விட்டார். கேப்டன் அந்த ஒயரைப் பைக்குள் திணித்துக்கொண்டே இருந்தார். அது மறுபடி மறுபடி வெளியே வந்தது.

வெட்கத்தோடு விட்டிருந்தால் போயிருக்கும். ஆனால் மே மாதக் கடைசியில் பாய் பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். "மண்டலத்தில் முதலிடம்! மதுரை செல்லும் எங்கள் வீரர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்" என்று எழுதி, எங்கள் பாஸ்போர்ட் போட்டோக்களைப் பெரிதாக்கி, பின்னால் பாயும் புலி ஒன்றையும் போட்டிருந்தார். நான் ஒரு வாரம் வேறு பாதையில் பஸ் நிலையத்துக்குப் போனேன். கேப்டன் அந்தப் பக்கமே பழியாகக் கிடந்தார். காரணம் பின்னால்தான் தெரிந்தது. சார் காய்கறி வாங்கப் போகும் வழி அது.

ஒருநாள் சார் வந்தார். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஃப்ளெக்ஸை முழுக்க வாசித்தார். கேப்டன் பக்கத்தில் போய் நின்றார்.

"எத்தன பேர்ல முதலிடம்?" என்றார் சார்.

"மண்டலத்துக்கேப்பா."

சார் மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். "அப்ப மதுரைக்கு நானும் வாரேன்" என்றார். கேப்டன் அன்றே சென்டருக்கு ஓடிவந்து எங்களிடம் சொன்னார். நாங்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. பந்தி மேசைகளில் கம்ப்யூட்டர்களை வைத்திருந்தார்கள். சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எங்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எங்களோடு மோதியது உள்ளூர்ப் பையன்கள். ஆட்டம் தொடங்கியது, கேப்டன் விழுந்தார். அடுத்த சுற்று தொடங்கியது, கேப்டன் விழுந்தார். அதற்கடுத்த சுற்றில் நானும் சீக்கிரமே விழுந்து சும்மா இருந்தபோது, சார் குனிந்து என் காதருகே கேட்டார்.

"தம்பி, இதுல நம்மாளு எது?"

"அந்தா கீழ கெடக்கிறது சார்."

"நீ?"

"பக்கத்துலயே கெடக்கேன் சார்."

ஒரு சுற்றுகூட நாங்கள் ஜெயிக்கவில்லை. நடத்துகிறவர்களில் ஒருவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டு, "இவங்களா அந்த மண்டலத்துல ஒண்ணாவது?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் எங்களுக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தேன். பாடகர் குழுவின் அந்த ஒல்லிப் பையன். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான்.

சாருக்கு அவனை அடையாளம் தெரிந்தது. "நீ நம்ம கோயில்ல பாடுற பையன்ல? நீயும் இத ஆடுவியா?"

"ஆடுவேன் சார்."

"அப்ப நீங்க ஏன் இங்க வரல?"

அவன் கேப்டனைப் பார்த்தான். பிறகு சாரைப் பார்த்தான். அந்த மனிதரிடம் பொய் சொல்ல யாருக்கும் வராது. "எங்களுக்குப் புள்ளி பத்தல சார். ஃபைனல் பெரிய வெள்ளி அன்னைக்கு இருந்துச்சு. எங்களால போக முடியல" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான். அவன் எங்களைக் குறை சொல்லி இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோளில் பையோடு தெருமுனையில் நின்ற மகனை அவர் மறந்திருக்க மாட்டார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மறுபடி மூடி வைத்துக்கொண்டார். "சரி, டீ குடிப்போம்" என்று எழுந்தார்.

மண்டபத்துக்கு எதிரே டீக்கடை. நாங்கள் கண்ணாடி கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் யாரையும் பார்க்காமல் நின்றிருந்தோம். அப்போது ஸ்கூட்டரில் வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார். சாரோடு பல வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவராம். "என்ன சார், மதுரைப் பக்கம்?" என்றார்.

சார் கேப்டனின் தோளில் கை வைத்தார். அவர் யாருடைய தோளிலும் கை வைத்து நான் பார்த்ததில்லை.

"இவன் என் சின்ன மகன்" என்றார். "கம்ப்யூட்டர் விளையாட்டுல எங்க மண்டலத்துக்கே ஃபர்ஸ்ட் ரேங்க். அதுக்குத்தான் மதுரைக்குக் கூப்பிட்டிருந்தாங்க."

நல்ல கணீர்க் குரலில் சொன்னார். அரை மார்க்கைக் கூட்டிப் போடாத மனிதர். உள்ளே நடந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, கேட்டுவிட்டு, வெளியே வந்து சொல்கிறார். வந்தவர் கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "அப்பா பேரக் காப்பாத்திட்டீங்க தம்பி" என்று வாழ்த்திவிட்டுப் போனார். கேப்டன் தலை நிமிரவில்லை. தன் வாழ்நாளில் எதைக் கேட்க ஆசைப்பட்டாரோ, அதைக் கேட்ட நேரத்தில் அவர் மூஞ்சி போன போக்கை நான் எப்படிச் சொல்வது? மண்டபத்தில் அத்தனை பேர் சிரித்தபோதுகூட எனக்கு அவ்வளவு கூசவில்லை.

அதன் பிறகு கேப்டன் சென்டருக்கு வரவில்லை. ஒரு மாதம் போல ஆகியிருக்கும், ஒருநாள் சாயங்காலம் வந்தார். நானும் பாயும் மட்டும்தான் இருந்தோம். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வாசல் பலகை முன்னால் நின்றார். எங்கள் பெயர்தான் இன்னமும் முதல் வரியில் இருந்தது. மதுரையில் தோற்றதற்கு யாரும் புள்ளியைக் குறைக்கவில்லையே.

"பாய், இது எப்பத்தான் கீழ எறங்கும்?"

"எப்படி எறங்கும்? நீங்க வாங்குனது கெட்டியா நிக்குது. வடமதுர நூறு மட்டும் அடுத்த பெரிய வெள்ளி வரைக்கும் போகும்."

கேப்டன் முதல் வரியைக் கையால் காட்டினார். பிறகு, "எங்க பேர எடுத்துருங்க பாய்" என்றார்.

"ஏன் தம்பி?"

"எங்கப்பா ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நிக்கிற எல்லார்ட்டயும் சொல்றாரு. என்னையும் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டுச் சொல்றாரு. அந்தப் பாட்டுக்காரப் பயலுக அஞ்சு பேரும் அங்கதான் நிக்கிறானுக. என்னால முடியல பாய். இங்க பேர எடுத்துட்டா, இப்ப நான் முதல்ல இல்லப்பான்னு சொல்லி நிறுத்தச் சொல்லிருவேன்."

பாய் பலகையைத் துடைக்கும் துணியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"எனக்கென்ன தம்பி, ஒரு இழுப்பு. ஆனா இத அழிச்சுட்டா உங்கப்பா இம்புட்டு நாளாச் சொன்னது பொய்யாப் போயிருமே."

கேப்டன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணியைப் பாயின் கையிலிருந்து வாங்கி, மடித்து, மேசைமேல் வைத்தார்.

"இருக்கட்டும் பாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.